நிறுத்திய செக்குக்கு ஆயிரத்து ஐந்நூறு

என்னுடைய காசு என்னுடைய கணக்கிலேயே இருப்பதற்காக நான் வங்கிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டியிருக்கிறேன். இதைச் சொன்னால் எவரும் முதலில் நம்புவதில்லை. எழுதிக் கொடுத்த செக் தொலைந்துபோனால் அதை நிறுத்தச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுக்கவேண்டும். நிறுத்துவதற்கு வங்கி கட்டணம் எடுக்கும். தொலைத்தவர் கட்டுவதில்லை, எழுதியவள்தான் கட்டவேண்டும். அந்தக் காசை என் அத்தானின் கையிலிருந்து வாங்காமல் விடுவதில்லை என்று வங்கிப் படியில் நின்றே முடிவெடுத்தேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு யாராவது இவ்வளவு ஆடுவார்களா என்று கேட்பவர்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருநாளும் பொய்க்காரியாக நின்றிருக்கமாட்டார்கள்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கத்தில் எங்கள் ஊர். தோணித்துறைக்கு இறங்கும் வழியில் என் வலைக்கடை. வலை, கயிறு, ஈயக் குண்டு, மிதவை, தூண்டில், தங்கூசி என்கிற நைலோன் நரம்பு எல்லாம் விற்கிறேன். எதிர்க்கரையான படுவான்கரையிலிருந்தும் தோணி வலித்து வந்து வாங்கிப் போவார்கள். வலை அனுப்பும் கொழும்புக் கம்பனிக்குச் செக்கில்தான் காசு கொடுக்கவேண்டும் என்பதால் நகரத்து வங்கி ஒன்றில் நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் செக் புத்தகம் உள்ள ஒரே பெண் நான்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுத்து வேலை பார்க்கிற லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் தாய்வீடு மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். அப்படி நான் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். எனக்குப் பக்கத்து வளவுக் காணி கிடைத்தது. நான் கலியாணம் முடிக்கவில்லை. கடை தொடங்குவதற்கு வங்கியில் கடன் கேட்டபோது, பிணைக்கு அரச உத்தியோகத்தர் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் அத்தான்தான். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, சேலைக்கடை என்றால் யோசிக்கலாம், பெண்பிள்ளைக்கு வலைக்கடை சரிவராது என்று சொல்லித் திருப்பித் தந்தார். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கடையைத் திறந்தேன். அவருக்கு அது எப்போதோ மறந்திருக்கும். எனக்குக் கடை திறக்கிற ஒவ்வொரு காலையிலும் ஞாபகம் வரும்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. குடி என்றால் தாய்வழியில் வருகிற வம்சம். அந்த நாளின் செலவை அந்தக் குடியைச் சேர்ந்த வீடுகள் பங்கு போட்டுக் கொடுக்கும். திருவிழாவுக்கு முந்திய கூட்டத்தில் கொடுத்த வீடுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கொடுக்காத வீட்டையும் கடைசியில், பாக்கி என்று சொல்லி வாசிப்பார்கள். அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டை ஒரு வருடமும் கடைசியில் வாசித்ததில்லை. அம்மாவுக்குப் பிறகு அக்கா வீட்டுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. பணத்தைப் பொறுப்பெடுப்பதும் பட்டியல் வாசிப்பதும் பொருளாளரின் வேலை. பொருளாளர் அத்தான்.

ஊரில் எல்லோரும் காசாகத்தான் கொடுப்பார்கள். நானும் அதுவரை அப்படித்தான் கொடுத்தேன். அந்த வருடம் மட்டும் செக் எழுதினேன். கையெழுத்து வைக்க மறுத்த மனிதர் என் கையெழுத்தைப் பார்க்கட்டும் என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை. கோயில் பெயரை எழுதி, மூலையில் இரண்டு கோடு போட்டு, இருபத்தையாயிரம் ரூபாய் என்று எழுத்திலும் இலக்கத்திலும் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன்.

அந்த நேரம் அத்தானின் தாய்மாமன் செத்து அவருக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் முடியும்வரை அவர் கோயில் பக்கம் போவதில்லை, கோயில் காரியம் எதிலும் கை வைப்பதில்லை. அந்த நாட்களில் பங்குக் காசைச் செயலாளரின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்லியும் இருந்தார்கள். எனக்கும் கேட்டது. ஆனால் செயலாளரிடம் கொடுத்தால் அத்தான் என் செக்கைப் பார்க்கமாட்டாரே. கோயிலுக்குப் போகத்தானே துடக்கு, செக்குக்கு என்ன துடக்கு என்று நினைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அத்தான் பின்வளவில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா குசினியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுச் செக்கை ஓரத்தில் பிடித்து வாங்கினாள். அத்தானிடம் கொடு, என் குடிப் பங்கு என்றேன். ஓம், கொடுக்கிறேன் என்றாள். அவர் வரும்வரை இருந்து அவர் முகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. கடையில் ஆள் இல்லாததால் வந்துவிட்டேன்.

கூட்டம் கோயில் மடத்தில் நடந்தது. துடக்குக் கழிந்து அத்தான் கோயிலுக்கு வந்த முதல் நாள் அது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து, குடி குடியாக, வீடு வீடாக வாசித்தார். எங்கள் குடி வந்தது. அக்கா வீட்டை வாசித்தார், பிறகு எங்கள் பெரியம்மா வழி வீடுகளை வாசித்தார். என் வீடு வரவில்லை. அடுத்த குடிக்குப் போய்விட்டார். இடையில் விட்டுவிட்டார், முடிவில் திருத்துவார் என்று நான் மடைச்சியைப் போல நம்பிக்கொண்டிருந்தேன். முடிவில் ஒரு தரம் இருமிவிட்டு, பாக்கி ஒரு வீடு என்று சொல்லி என் பெயரை வாசித்தார். அந்த வருடம் பாக்கி நின்றது என் வீடு மட்டும்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றேன். நான் செக் தந்தேன், வீட்டில் கொண்டுவந்து தந்தேன் என்றேன். அத்தான் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"செக் எழுதுறது லேசு மச்சாள். எங்கட கைக்கு வந்து சேரவேணுமே."

மடம் முழுக்கச் சிரித்தது. எனக்கு வலைக் காசு பாக்கி வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார்.

"என்ர கைக்கு வரல்ல. வராததை வந்த எண்டு நான் எழுத ஏலா."

அவ்வளவுதான் சொன்னார். ஏட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். அக்கா எனக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தாள், தலை குனிந்தபடி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். புருசன் செய்கிற வேலைக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்காகப் பரிதாபப்படவும் செய்தேன். வண்ணக்கர், அதாவது கோயிலின் தலைமைப் பொறுப்பாளர், வயதான மனிதர். செக் எங்காவது தவறியிருக்கும், வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டுக் காசாகத் தந்துவிடு பிள்ளை, பிரச்சினை முடிந்தது என்றார். அவருக்குப் பிரச்சினை முடிந்துவிட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் அக்காவைக் கேட்டேன். அத்தான் வெளியே போகிற நேரம் பார்த்துத்தான் போனேன்.

"அவர்ர மேசையில வெச்சனான்கா" என்றாள். "அவர் எடுத்திருப்பார்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மேசையில் வைத்திருக்கிறாள். அவர் எடுத்திருக்கிறார், அல்லது எங்கோ விழுத்திவிட்டு ஒப்புக்கொள்ள மனமில்லாமல் என்னைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார். முப்பது வருடம் கச்சேரியில் இருந்த மனிதர் ஒரு கடுதாசியைத் தொலைத்தேன் என்று சொல்வாரா? எனக்கு எல்லாம் வெளிச்சமாக விளங்கியது. ஆத்திரத்தில் விளங்குவது எல்லாமே வெளிச்சமாகத்தான் விளங்கும்.

காசைக் கட்டுக் கட்டாக எண்ணிச் செயலாளரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து நகரத்துக்குப் போனேன். வங்கியில் முக்காடு போட்ட முஸ்லிம் பிள்ளை ஒன்று கவுன்ரரில் இருந்தது. மரியாதையான பிள்ளை. படிவம் தந்தது. செக் இலக்கம், திகதி, தொகை, யாருக்கு எழுதியது எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் தொலைந்தது என்று எழுதினேன். யாரிடம் தொலைந்தது என்று எழுதுவதற்குக் கட்டம் இல்லை. அது எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லை அன்ரி என்றது. பிறகு கட்டணத்தைச் சொன்னது. என் கணக்கிலிருந்து தானாகவே கழிப்பார்களாம்.

தொலைத்தவரை அனுப்புகிறேன், அவரிடம் எடுங்கள் என்றேன். யார் தொலைத்தாலும் கணக்கு வைத்திருக்கிறவர்தான் கட்டவேண்டும் என்றது. அதோடு அந்தப் பிள்ளை எனக்கு நல்லது நினைத்து இன்னொன்றும் சொன்னது. செக் கோயில் பெயருக்குக் கோடு போட்டு எழுதியது, வேறு எவரும் மாற்ற முடியாது. யாராவது கண்டெடுத்துப் போட்டாலும் கோயில் கணக்குக்குத்தான் போகும். கோயிலுக்கு ஒரு பங்கு கூடுதலாகப் போனால் பரவாயில்லை என்றால் நிறுத்தாமலே விடலாம், கட்டணமும் மிச்சம்.

யோசிக்கவேண்டிய பேச்சுத்தான். நான் யோசிக்கவில்லை. சாமிக்குக் கூடுதலாகப் போனால் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் சாமியின் கணக்கை எழுதுகிறவர் யார்? என் செக்கைத் தொலைத்துவிட்டு, பிறகு கண்டெடுத்து, சத்தமில்லாமல் போட்டுத் தன்னைச் சுத்தமாக்கிக்கொள்ள நான் விடுவேனா? நிறுத்து பிள்ளை என்றேன். நிறுத்தியதற்கு ஒரு துண்டு அடித்துத் தந்தது. அதில் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது அதை ஆறு ஏழு தரம் எடுத்துப் பார்த்தேன்.

கடைக்கு வந்ததும் பில் புத்தகத்தை எடுத்தேன். மேலே அத்தானின் முழுப் பெயர், கீழே விபரம்: தொலைத்த செக்கை நிறுத்திய வங்கிக் கட்டணம், ரூபாய் ஆயிரத்து ஐந்நூறு. வலை வாங்கியவருக்கு எழுதுவது போலவே எழுதி, கிழித்து, அவர் வீட்டுப் படலையில் இருக்கிற தபால் பெட்டிக்குள் போட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பில் என் கடைக்குத் தபாலில் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையால் எழுதியிருந்தார்: பொருந்தாது. மேற்படி காசோலை என்னால் கிடைக்கப்பெறவில்லை. கீழே கையெழுத்தும் திகதியும். பக்கத்து வளவுக்கு முத்திரை ஒட்டி அனுப்பியிருந்தார்.

அதைத் தங்கூசிச் சுருள்கள் தொங்கும் சுவரில், வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு பில் போட்டேன். தவறியதே இல்லை. காய்ச்சலில் கிடந்த மாதமும் எழும்பிப் போய்ப் போட்டேன். கடைக்கு வருகிறவர்கள் சுவரில் இருப்பதை வாசிப்பார்கள், என்ன கதை என்று கேட்பார்கள். நான் சொல்வேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் தோணித்துறையில் அத்தானுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சைக்கிளில் அவர் வருவது தெரிந்தால், அந்தா ஆயிரத்தைஞ்ஞூறு வருது என்பார்கள். ஒவ்வொரு காலையும் தோணி வந்ததும் மீன் பார்த்து வாங்குவது அவருக்குப் பெரிய சந்தோசம். பழுதான மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்துத் திட்டிவிட்டு நல்ல மீனாக எடுப்பார். அந்தப் பெயர் காதில் விழுந்த பிறகு துறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் ஐஸ் மீன் வாங்கினாராம். அதைக் கேட்ட அன்று எனக்கு இரண்டு கோப்பை சோறு கூடுதலாக இறங்கியது.

தீபாவளிக்கு அக்கா பலகாரம் கொடுத்துவிட்டாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. அந்த மாதப் பில்லை மடித்துத் தட்டில் வைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து, அந்த ஆயிரத்து ஐந்நூறைத் தான் தருவதாகச் சொன்னாள். சுவரில் இருக்கிறதைக் கழற்றிவிடச் சொன்னாள். என் கோபம் இன்னும் ஏறியது. பெண்சாதியை அனுப்பிப் பிச்சைக்காசு போல முடிக்கப் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

"உன்ர காசு எனக்கு வேணாம்" என்றேன். "அவர்ர காசு வரவேணும். துலைச்சது நான்தான் எண்டு சொல்லி வரவேணும்."

அக்கா காசைத் திரும்ப முடிந்துகொண்டு போனாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், அந்த நேரம் கயிறு கேட்டு ஆள் வந்துவிட்டது.

வருடக் கணக்குக் கூட்டம் தைப்பொங்கல் கழிந்து வைத்தார்கள். நான் வேண்டுமென்றே முன்னால் போய் இருந்தேன். அக்கா வரவில்லை, தலையிடியாம். செயலாளர் வரவு செலவை வாசித்துக்கொண்டு போனார். செலவில் ஓரிடத்தில், திரும்பிய காசோலைக்கு வங்கி அறவிட்ட கட்டணம் என்று வாசித்தார். சின்னத் தொகைதான். ஆனால் கோயிலுக்குச் செக் யார் கொடுப்பது? மடத்தில் ஒரு சலசலப்பு வந்தது. வண்ணக்கர் அது என்ன செக் என்று கேட்டார். வங்கிக் கடிதங்கள் செயலாளரின் விலாசத்துக்குத்தான் வரும். அவர் தடித்த உறை ஒன்றிலிருந்து அதை எடுத்தார். மார்கழியில் யாரோ வங்கியில் கோயில் கணக்குக்குப் போட்டிருக்கிறார்கள், எழுதியவர் நிறுத்தியிருப்பதால் திரும்பி வந்துவிட்டது, கோயிலுக்கும் கட்டணம் விழுந்துவிட்டது என்றார். செக்கை எழுதியவர் யார் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. மடம் முழுக்க முதலில் என்னைப் பார்த்தது, பிறகு அத்தானைப் பார்த்தது.

கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று சிவப்பு மையால் எழுதினவரின் கையில் செக் இருந்திருக்கிறது. ஆறு மாதம் கழிந்தால் செக் செல்லாது, அதற்குள் களவாகப் போட்டிருக்கிறார். வங்கியில் நான் நினைத்தது நினைத்தபடி நடந்திருக்கிறது. நிறுத்தியபடியால்தான் அகப்பட்டார். எழுந்து போய்ச் செயலாளரிடம் கையை நீட்டினேன். செக்கைத் தந்தார். என் கையெழுத்து, என் இருபத்தையாயிரம், எல்லாம் அப்படியே இருந்தது. நான்காக மடித்த தடம் இருந்தது. திருப்பினேன்.

செக்கை வங்கியில் போடுகிறவர் பின்பக்கத்தில் கணக்கு இலக்கத்தை எழுதவேண்டும். எழுதியிருந்தது. கோயில் கணக்கு இலக்கத்தில் மூன்று ஏழு வரும். மூன்று ஏழுக்கும் நடுவில் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அக்காவும் நானும் நகரத்துக் கொன்வென்ரில் படித்தோம். பறங்கியர் வீட்டு ரீச்சர் ஒருவர் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார், ஏழை ஒன்று என்று பிழையாக வாசிக்காமல் இருக்கக் குறுக்கே கோடு போடப் பழக்கினார். எங்கள் ஊரில் அப்படி எழுதுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். அந்த எழுத்து என்னுடையது இல்லை.

இதை வாசிக்க எடுத்த நேரத்தில் பாதிகூட எனக்கு எடுக்கவில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் செக்கைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் இருந்திருக்கலாம். நான் நாலு அடி நடந்து அத்தானின் கையில் செக்கைக் கொடுத்தேன்.

"கிடைக்கப்பெறவில்லை எண்டு எழுதினீங்களே. இப்ப கிடைச்சிட்டா?"

பின்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் இதைக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பை எதிர்பார்த்தேன்.

அத்தான் முன்பக்கத்தைப் பார்த்தார். கச்சேரி வழக்கப்படி திருப்பியும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்கும் அந்த ஏழு தெரியும், முப்பது வருடமாக வீட்டுக் கணக்குக் கொப்பியில் பார்த்த ஏழு. இந்த எழுத்து மச்சாளுடையதுதான், தானே எழுதித் தானே போட்டுவிட்டு நிற்கிறாள் என்று அவர் என்னைக் காட்டியிருந்தால் மடத்தில் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அல்லது உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான் போட்டன்" என்றார்.

அப்படியென்றால் செக் உங்கள் கையில் இருந்ததா என்று வண்ணக்கர் கேட்டார். ஓம், வைத்த இடம் மறந்துபோயிற்று, மச்சாள் தந்தது உண்மை என்றார். உண்டியல் சாவியையும் ஏட்டையும் வண்ணக்கருக்கு முன்னால் வைத்தார். கோயிலுக்கு விழுந்த கட்டணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஏட்டின் மேல் வைத்தார். படியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். பதினொரு வருடம் பொருளாளராக இருந்தவர் போகும்போது ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன். பெண்கள் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார்கள், நாங்கள் அப்போதே நினைத்தோம் என்றார்கள். அப்போது சிரித்தவர்கள்தான். பின்பக்கத்து எழுத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லலாம், நாளைக்கு வண்ணக்கரிடம் போய்ச் சொல்லலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவரும்தானே அன்று எழுந்து, என் மச்சாள் பொய் சொல்லமாட்டாள், தேடிப் பார்க்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே. அந்தச் சிரிப்பை அவரும் ஒரு தரம் கேட்கட்டும் என்று இருந்தேன்.

அடுத்த நாள் காலை அக்கா கடைக்கு வந்தாள். இந்த முறை ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நேரே உள்ளே வந்து, வலைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"நீ பின்பக்கம் பார்த்தாய்தானே?"

"பார்த்தன்."

"மறுகா ஏன்கா அவர்ட்ட குடுத்த?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நடந்ததைத் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனாள். நான் செக்கைக் கொடுத்த அன்று அத்தானுக்குத் துடக்கு. கோயில் காசு அவர் கையில் படக்கூடாது, முப்பத்தொன்று கழியக் கொடுப்போம் என்று மடித்து, சேலைப் பெட்டியில் திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுக்குள் வைத்திருக்கிறாள். துடக்குக் கழிக்கும் சமையலிலும் ஆட்களிலும் அது மறந்தே போயிற்று. கூட்டத்தில் என் பெயரை வாசித்தபோதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டுக்கு ஓடிப் போய்த் தேடினால், வைத்த இடம் மட்டும் ஞாபகம் வரவில்லை. என் கோபத்துக்கும் பயம், அவருடைய ஏட்டுக்கும் பயம். மேசையில் வைத்தேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். திருவிழாவுக்கு அந்தப் பட்டை அவள் உடுத்தவில்லை. தங்கச்சியும் புருசனும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு எதற்குப் பட்டு என்று நூல் சேலையோடு போனாளாம். மார்கழியில் திருவெம்பாவைக்கு எடுத்தபோது செக் மடியில் விழுந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி, வங்கி வாசலில் நின்ற காவல்காரரிடம் எப்படிப் போடுவது என்று கேட்டுப் போட்டிருக்கிறாள். கோயிலுக்குக் காசு சேர்ந்துவிட்டால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்தாளாம்.

கூட்டம் முடிந்து அத்தான் வந்து சொன்னதும் அவள் வண்ணக்கர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்ல வெளிக்கிட்டிருக்கிறாள். படலையில் வைத்து அவர் மறித்திருக்கிறார்.

"அவளுக்கு என்னைப் புடிக்காதது பழசு. உன்னையும் புடிக்காமப் போச்செண்டா அவள் ஆர்ர வீட்ட போற எண்டு கேட்டார்" என்றாள் அக்கா. "அதுதான் நான் போகல்ல."

பிறகு ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். அத்தான் தந்தது, ஆயிரத்து ஐந்நூறு, எண்ணிப் பார்க்கச் சொன்னார் என்றாள். பணம் பெற்றதற்கு ஒரு துண்டும் எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கச்சேரிப் புத்தி போகவில்லை என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் எனக்குத் தேவையாகவும் இருந்தது.

பில் புத்தகத்தைத் திறந்து, யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்டேன்.

"அது உனக்குத் தெரியும்தானே" என்றாள் அக்கா.

உறையை அவள் பக்கம் தள்ளியிருக்கலாம். அவள் பெயரை எழுதியிருக்கலாம், அதுதான் உண்மை. என் பெயரையே எழுதினாலும் பிழையில்லை, நிறுத்தத் தேவையில்லாத செக்கை நிறுத்தியவள் நான்தான். அந்த நேரம் துறையிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்து, மிதவை வாங்க நின்றார்கள். ஒருவர் அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மேசையில் இருந்த உறையையும் பார்த்துவிட்டு மற்றவரின் முழங்கையில் தட்டினார். நான் உறையைப் பிரித்து, அக்காவுக்கு முன்னால், அவர்களுக்கும் முன்னால், தாளைத் தாளாக எண்ணினேன். சரியாக இருந்தது. பேனையை எடுத்து அத்தானின் முழுப் பெயரையும் எழுதினேன். தொலைத்த செக்கை நிறுத்திய வங்கிக் கட்டணம் ரூபாய் ஆயிரத்து ஐந்நூறு, முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன்.